தட்டைக்கல்லின் கீழ் மெர்சியா மன்னன்

தெற்கு லண்டனின் நோர்பரியில் நாங்கள் குடியேறிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எண்பத்தைந்தாம் ஆண்டு. ஒரு காலை குசினி ஜன்னலால் வெளியே பார்க்கிறேன், பக்கத்து வீட்டுப் பின்வளவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் ஒரு நீண்ட கம்பு, அதன் நுனியில் வட்டத் தட்டு. அந்தத் தட்டைப் புல்லுக்கு மேலே இடமும் வலமும் ஆட்டியபடி மெல்ல மெல்ல நடக்கிறார். எங்கள் ஊரான யாழ்ப்பாணத்தில் அந்தக் கருவியை நான் ஒரு வகை ஆட்களின் கையில் மட்டும்தான் கண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ! பக்கத்து வளவுக்குள்ள கண்ணிவெடி தேடுகினம்!"

என் கணவர் பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார்.

"விசரே உமக்கு? வயசுபோன மனிசி ஒண்டு தனிய நிக்குது. நோர்பரியில ஆர் கண்ணிவெடி புதைக்கிறது?"

அப்படிச் சொன்னாரே தவிர, அவரும் ஜன்னலை விட்டு ஓரடி பின்னால் தள்ளித்தான் நின்றார். அந்தப் பெண்மணி குனிந்து, சிறு கைமண்வெட்டியால் புல்லைக் கிளறி, மண்ணுக்குள்ளிருந்து ஒரு தேக்கரண்டியை எடுத்தார். நிமிர்ந்தபோது எங்கள் இருவரையும் கண்டுவிட்டார். வென்ற கோப்பையைத் தூக்கிக் காட்டுவதுபோல அந்தக் கரண்டியை எங்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

அன்று பின்னேரமே வேலிக்கு மேலால் பேச்சு தொடங்கிவிட்டது. கரண்டியைத் தானே புதைத்துவிட்டுத் தானே தேடியதாகச் சொன்னார். பற்றறி மாற்றினாராம், கருவி வேலை செய்கிறதா என்று பார்த்தாராம். நான் என்ன நினைத்துப் பயந்தேன் என்பதை என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உண்மையாகவா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டில் கேக் எடுத்து வந்து வேலிக்கு மேலால் நீட்டினார்.

நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். "நான் உன் அப்பாவின் தங்கச்சியும் இல்லை, அம்மாவின் அக்காவும் இல்லையே" என்று முதலில் மறுத்தார். ஒரு மாதத்துக்குள் அவரே தொலைபேசியில் "நான் அன்ரி பேசுகிறேன்" என்று சொல்லப் பழகிவிட்டார். அவர் பேசியது தெற்கு லண்டன் ஆங்கிலம். அதை என் தமிழில்தான் இங்கே எழுத முடிகிறது.

அன்ரி பஸ் கண்டக்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கணவர் அதே பஸ்களை ஓட்டியவர், நாங்கள் வருவதற்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். அந்தக் கருவி கணவருடையது. ஞாயிறுதோறும் இருவரும் கென்ட் பக்கமாக ஒரு பண்ணைக்குப் போவார்களாம். உழுத வயலில் அவர் தட்டை ஆட்டிக்கொண்டு முன்னே போக, அன்ரி பையையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னே போவாராம். கணவர் வாழ்நாள் முழுக்கத் தேடியது ஒரேயொரு மன்னனின் வெள்ளிக் காசை. அகப்பட்டதெல்லாம் பொத்தான், பெல்ட் வளையம், துப்பாக்கிக் குண்டு, விக்டோரியா காலத்துச் செப்புக் காசு.

அந்த மன்னனைப் பற்றி அன்ரி சொல்லித்தான் நான் அறிந்தேன். இங்கிலாந்து ஒரே நாடாக ஆகியிராத எட்டாம் நூற்றாண்டு. நாட்டின் நடுப்பகுதியில் மெர்சியா என்றொரு அரசு. அதை ஆண்ட இந்த மன்னன் ஒவ்வொரு பக்கமாகக் கைவைத்துக் கடைசியில் கென்ட்டையும் பிடித்துக்கொண்டான். கென்ட்காரர் அவனை எதிர்த்துச் சண்டை போட்டார்கள், கொஞ்சக் காலம் தங்கள் பாட்டில் இருந்தும் பார்த்தார்கள், திரும்பவும் அவன் கைக்குள் போனார்கள். பிறகு அவர்களுடைய நகரத்துத் தட்டார்களைக் கொண்டே தன் பெயரில் வெள்ளிக் காசு அடிப்பித்தான். அதற்கு முன் அங்கே புழங்கிய காசுகள் தடித்த சின்னக் குண்டுகள் மாதிரி இருக்குமாம். இவனுடைய காசு அகலமாய், மீன் செதில்போல மெல்லிசாய் இருந்தது. ஒரு பக்கம் மன்னன் பெயர், மறுபக்கம் அடித்த தட்டாரின் பெயர். சிலவற்றில் சுருட்டை முடியோடு மன்னன் முகம். இன்னும் சிலவற்றில் அரசியின் பெயரும் முகமும்கூட இருந்தன. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் வேறெந்த மன்னனும் மனைவியைக் காசில் போட்டதில்லை.

"என் மனுஷன் சொல்வார், நான் மன்னனாக இருந்தால் உன் முகத்தைக் காசில் அடிப்பேன் என்று" என்றார் அன்ரி. "முதலில் குப்பை வாளியை வெளியே கொண்டுபோய் வை, பிறகு காசு அடிக்கலாம் என்று நான் சொல்வேன்."

அதைச் சொல்லிவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில நாள் கழித்துக் கேட்டார், ஞாயிறுகளில் நான் என்ன செய்கிறேன் என்று. வார நாட்களில் நான் குரொய்டனில் சாண்ட்விச் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள், இங்கே பாணுக்குள் முட்டை வைத்தேன். ஞாயிறுகளில் வீட்டில் தனிய. கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரட்டை ஷிப்ட்.

"எனக்கு முழங்கால் ஏலாது, குனிந்து கிண்ட முடியாது" என்றார் அன்ரி. "நான் தட்டைப் பிடிக்கிறேன். நீ கிண்டுவாயா?"

என் கணவரிடம் கேட்டேன்.

"போயிட்டு வாருமன்" என்றார். "இஞ்ச சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு அங்க மண்ணையாவது பாக்கலாம். ஆனா குளிருக்கு என்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு போம்."

அப்படித்தான் அந்த ஞாயிறுகள் தொடங்கின. அன்ரியின் பழைய சின்னக் கார், ஹீற்றர் வேலை செய்யாது. மடியில் கம்பளி விரித்து, அதன்மேல் நான் கட்டிவந்த சாப்பாடு. முதல் வாரம் அன்ரி முட்டை சாண்ட்விச் கொண்டுவந்தார். வாரம் முழுக்க அதையே அடைத்துவிட்டு வந்தவளுக்கு அதைப் பார்க்கவே குமட்டியது. சொல்லவும் கூச்சம். என்னுடைய ஆட்டிறைச்சி ரோல்ஸை அவரிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் அப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து சாண்ட்விச் வரவில்லை. "உன் ரோல்ஸ் போதும், நான் தேநீர் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். உறைப்பில் அவர் மூக்கால் நீர் வடியும். துடைத்துக்கொண்டே இன்னொன்று எடுப்பார்.

கென்ட் மண் வெள்ளைச் சுண்ணாம்பு மண். உழுத சால்களில் முண்டும் முடிச்சுமாய்க் கறுப்புத் தீக்கற்கள் கிடக்கும். மழைக்குப் பிறகு மண் பூட்ஸில் ஒட்டி ஒவ்வொரு காலும் ஒரு குழந்தையின் பாரமாகும். அன்ரி கையை உயர்த்தினால் நான் போய்க் குந்திக் கிண்டுவேன். பெரும்பாலும் சோடாப் போத்தல் மூடி. மூடி என்று தெரிந்ததும் அன்ரி கெட்ட வார்த்தை ஒன்று சொல்வார், பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்பார். நான் லண்டனுக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தது முதன்முதலில் அந்த வயலில்தான் என்று நினைக்கிறேன். மத்தியானத்தில் வேலியோரம் ஒரு பெரிய மரத்தின் கீழே கம்பளியை விரித்துப் படுத்திருப்போம். அவர் தன் மனுஷனைப் பற்றிப் பேசுவார், நான் ஊரைப் பற்றிப் பேசுவேன். கணவரின் கோட்டில் பெற்றோல் மணக்கும். அந்த மணம் இன்றைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமையின் மணம்தான்.

எண்பத்தேழு ஒக்டோபரில் அந்தப் பெரும்புயல் அடித்தது. ஒரே இரவில் தெற்கு இங்கிலாந்து முழுக்க மரங்கள் சரிந்தன. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குக் கூரை போயிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசவில்லை. அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் பெரிய சண்டை தொடங்கியிருந்தது. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. என் மாமி, கணவரின் தாயார், அங்கே தனிய இருந்தார். என் கணவர் வேலைக்குப் போவார், வருவார், ரேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பார். நான் சமைத்ததை நானே எடுத்து வைப்பேன்.

ஞாயிறு காலை அன்ரி கதவைத் தட்டினார். வரவில்லை என்றேன்.

"இங்கே இருந்தால் தொலைபேசி அடிக்குமா?"

"அடிக்காது."

"அப்படியென்றால் கோட்டைப் போடு."

கணவரும் போகச் சொன்னார். போனேன்.

நாங்கள் சாப்பிடுகிற மரம் விழுந்து கிடந்தது. வேர்கள் ஒரு வீட்டுச் சுவர் உயரத்துக்கு மண்ணோடு கிளம்பி நின்றன, அடியில் பெரிய குழி. அன்ரி அந்தக் குழி ஓரமாகத் தட்டைப் பிடித்தார். பிடித்ததும் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். போத்தல் மூடியின் கரகரப்பு இல்லை. மணி அடித்ததுபோல் தெளிவான சத்தம்.

குழிக்குள் இறங்கினேன். வேர்களுக்கு நடுவில் ஒரு கல் தெரிந்தது. வயலில் கிடக்கிற முண்டுக் கற்களைப் போல இல்லை. தட்டையான பலகைக் கல், இரண்டு உள்ளங்கை அகலம். வேர்கள் அதைச் சுற்றி வளைந்து வளர்ந்திருந்தன. கத்தியால் வேரை வெட்டிக் கல்லைப் புரட்டினேன். அடியில் கரும்பச்சை நிறத்தில், அடுக்கி வைத்த பப்படம்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காசுகள். மேலேயிருந்த ஒன்று தானாகவே பெயர்ந்து என் கையில் வந்தது. அதில் ஒரு முகம், சுருட்டை முடி.

"அன்ரி" என்றேன். காசை உயர்த்திக் காட்டினேன்.

அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது. காசைக் கையில் வாங்கவில்லை, என் கையிலேயே வைத்துப் பார்த்தார்.

"மடையன்" என்றார். "இன்னும் மூன்று வருஷம் இருந்திருக்கலாமே. மடையன்."

அவர் அழுதார். நானும் அழுதேன். ஆனால் நான் அழுதது மன்னனின் காசுக்காகவோ அன்ரியின் மனுஷனுக்காகவோ மட்டும் இல்லை. அந்தக் கல்லைப் புரட்டியபோது எனக்கு வேறொரு கல் நினைவுக்கு வந்துவிட்டது. நாடு விட்டு வருவதற்கு முந்தின வாரம் நானும் மாமியும் வீட்டு வெள்ளிச் சாமான்களைப் பழைய சேலையில் சுற்றி, பெரிய பால்மாத் தகர ரின்னுக்குள் வைத்து, கிணற்றுக்குப் பின்னால் புதைத்திருந்தோம். பன்னீர்ச்செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச்சிமிழ். மேலே ஒரு தட்டைக்கல்லை நான்தான் தூக்கி வைத்தேன். "நாலைஞ்சு மாசத்தில நிலைமை சரியாகும், வந்து எடுப்பம்" என்றார் மாமி. கல்லின் மேல் மண் தள்ளி, அதன்மேல் சருகு பரப்பினோம். இப்போது அந்த மாமி உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை.

அன்ரியின் மனுஷன் வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்று இருந்தது: கழுவாதே, தேய்க்காதே, உடனே சொல். பண்ணைக்காரரிடம் சொன்னோம். அவர் தொப்பியைக் கழற்றிக் குழியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு பொலிசுக்குச் சொன்னோம். பொலிசில், இதைக் கொரொனர் விசாரிப்பார் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் பதறிப்போனார்.

"கொரொனர் எண்டால் செத்தவையை விசாரிக்கிற ஆளெல்லோ? ஆர் செத்தது? என்னத்தைக் கிண்டி எடுத்தனீர்?"

"ஒருத்தரும் சாகேல்லை. காசுதான்."

"காசுக்கு ஏன் மரண விசாரணை? எங்கட விசாவுக்கு ஏதும் பிரச்சினை வராதோ?"

அன்ரியைக் கூட்டிவந்து விளக்கப்படுத்த வேண்டியதாயிற்று. மண்ணிலிருந்து தங்கமோ வெள்ளியோ எடுத்தால் அதை விசாரிப்பதும் இந்த நாட்டில் கொரொனரின் வேலை. பழைய சட்டம். விசாரணையில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி, அந்தப் பொருள் தவறுதலாகத் தொலைந்ததா, இல்லை யாரும் திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்து வைத்ததா என்பது. தொலைந்தது என்றால் பண்ணைக்காரருக்கும் எங்களுக்கும். ஒளித்தது என்றால் இப்போதைய இங்கிலாந்து அரசிக்கு. அரசி எங்களுக்குச் சன்மானம் தருவார்.

என் கணவர் யோசித்தார். "அந்தக் காலத்து மனிசன் என்ன நினைச்சானெண்டு இவைக்கு எப்பிடித் தெரியும்?"

அது அன்ரிக்கும் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் கொழும்பில் இருந்து ஓர் உறவினர் தொலைபேசி எடுத்தார். மாமி உயிரோடு இருக்கிறார், கோயிலொன்றில் சனங்களோடு இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார், கூரையில் ஓட்டை, வேறொன்றும் இல்லை. என் கணவர் றிசீவரை வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போய், சட்டியில் கிடந்த சோற்றை நின்றபடியே சாப்பிட்டார்.

வசந்தகாலத்தில் விசாரணை நடந்தது. கென்ட்டில் ஒரு சின்னப் பட்டினம், மரப்பலகை அடித்த ஒரு மண்டபம். ஜூரியாக அந்த ஊர்ச் சனங்கள் ஏழெட்டுப் பேர். நான் சேலை உடுத்து, மேலே கணவரின் கோட்டைப் போட்டிருந்தேன். அன்ரி தொப்பி வைத்திருந்தார். கொரொனர் தடிமன் பிடித்த மனிதர், ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

முதலில் அருங்காட்சியகத்திலிருந்து வந்த பெண் பேசினார். இளம் பெண். காசுகளைப் பிரித்துச் சுத்தம் செய்து கொண்டுவந்திருந்தார். எல்லாம் மெர்சியா மன்னனுடையவை, ஒரே காலத்தில் சேர்த்துப் போடப்பட்டவை என்றார். ஒன்றில் அரசியின் பெயர் இருக்கிறது என்று சொன்னபோது அன்ரி என் கையைப் பிடித்தார், நோகிற மாதிரிப் பிடித்தார். காசுகளை ஒரு பையில் போட்டிருந்து பை உக்கிப்போயிருக்கலாம் என்றும் அந்தப் பெண் சொன்னார். அப்படியானால் வழிப்போக்கர் ஒருவரின் இடுப்பிலிருந்து விழுந்த பையாகவும் இருக்கலாமா என்று கொரொனர் கேட்டார். இருக்கலாம், காசை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது என்றார் அவர்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கல் எப்படி இருந்தது என்று கொரொனர் கேட்டார். சொன்னேன். தட்டையாக, சரிவில்லாமல், காசுகளுக்கு நேர் மேலே.

"அது தானாக அங்கே கிடந்த கல்லாக இருக்க முடியாதா?"

"முடியும் ஐயா. ஆனால் வைத்த கல் மாதிரி இருந்தது."

"வைத்த கல் என்று ஏன் நினைக்கிறீர்கள்?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நானும் ஒரு கல் அப்படி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில், இலங்கையில். வெள்ளிச் சாமானைப் புதைத்து, மேலே கல் வைத்துவிட்டு வந்தேன்."

கொரொனர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"திரும்பிப் போய் எடுக்கும் எண்ணத்தோடா?"

"ஓம்" என்றேன். தமிழில் சொன்னது எனக்கே தெரியவில்லை. அன்ரிதான் பின்னாலிருந்து, "யெஸ் என்கிறாள்" என்றார்.

கொரொனர் எனக்கு நன்றி சொன்னார். பிறகு ஜூரியின் பக்கம் திரும்பி, இந்தப் பெண்மணி தன்னைப்பற்றிச் சொன்னது இந்தக் காசுகளுக்குச் சாட்சியம் ஆகாது, கல் இருந்த விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது.

ஜூரி வெளியே போகக்கூட இல்லை. இருந்த இடத்திலேயே தலைகளைச் சேர்த்து முணுமுணுத்தார்கள். ஒருவர் எழுந்து, திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்து வைக்கப்பட்டவை என்று சொன்னார்.

வெளி நடையில் அன்ரி தேநீர் வாங்கப் போனார். ஜூரியில் இருந்த ஒரு பெண், சிவந்த பெரிய கைகளோடு, நேரே என்னிடம் வந்தார். பெயரும் சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்து, "உங்களுடையது அங்கேயே இருக்கட்டும் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். தேநீரோடு வந்த அன்ரி என்னைப் பார்த்து, "எவன் உன்னை இப்படி அழ வைத்தான், காட்டு" என்றார்.

காசுகளை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. வந்த சன்மானத்தைப் பண்ணைக்காரரோடு சேர்த்து மூன்று பக்கமும் பிரித்தோம். அன்ரி புயலில் போன ஓடுகளை மாற்றினார். எங்கள் பங்கு மாமியை லண்டனுக்குக் கூப்பிட உதவியது.

மாமி வந்து சேரத் தொண்ணூறாம் ஆண்டாகிவிட்டது. வந்த முதல் வாரமே நான் எல்லாக் கதையையும் சொன்னேன். மரம் விழுந்தது, கல், காசு, விசாரணை, நான் சொன்ன சாட்சி. மாமி கட்டிலில் காலை நீட்டி இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்:

"எந்தக் கல்லைப் பிள்ளை சொல்லுறாய்?"

"கிணத்துக்குப் பின்னால, மாமி. நாங்கள் ரெண்டுபேரும் புதைச்சமே."

"அதோ? அதை நான் நீங்கள் பிளேன் ஏறி ஒரு மாசத்திலயே கிண்டிப்போட்டன். முன்வீட்டுப் பெட்டையின்ரை கலியாணத்துக்குச் சந்தனக் கிண்ணம் தேவைப்பட்டது."

"பிறகு?"

"பிறகென்ன. கலியாணம் முடியத் திரும்பப் புதைக்க ஆர் இருக்கினம்? எனக்கோ முதுகு ஏலாது. அலுமாரிக்குள்ளதான் வைச்சிருந்தன். செம்பை வித்துக் கூரை போட்டன். மற்றதுகளை வித்துத்தான் கொழும்புக்கு வந்தனான். நீ என்ன நினைச்சனி, நான் அதைக் காவல் காத்துக்கொண்டு இருப்பன் எண்டோ?"

ஒரு மண்டபம் நிறைந்த வெள்ளைக்காரருக்கு முன்னால், அலுமாரிக்குள் இருந்த சாமானுக்காகவா நான் சாட்சி சொன்னேன்? என் கணவர் கதவு நிலையில் நின்று கேட்டுவிட்டு, விக்கல் எடுக்கும் வரை சிரித்தார். வேலிக்கு மேலால் அன்ரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் மாமியார் புத்திசாலி" என்றார். "அந்த மெர்சியா காலத்து ஆளுக்கும் இப்படி ஒரு மாமியார் இருந்திருந்தால் நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது."

அதற்குப் பிறகு ஞாயிறுகள் கொஞ்சம் மாறின. என் கணவர் கணக்காளர் பரீட்சை எழுதி முடித்துப் பெற்றோல் ஸ்டேஷனை விட்டிருந்தார். எனக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அன்ரியின் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வயலுக்குப் போவது நின்றுபோய், மாமியும் அன்ரியும் எங்கள் முன்னறையில் ரீவிக்கு முன்னால் இருப்பது வழக்கமாயிற்று. மாமிக்கு ஆங்கிலம் வராது. அன்ரிக்கு ரோல்ஸ் என்ற சொல்லையும் ஓம் என்ற சொல்லையும் தவிர எங்கள் பேச்சில் ஒன்றும் தெரியாது. குதிரைப் பந்தயம் போனால் இருவரும் ஒரே குதிரையைத்தான் பார்ப்பார்கள், அது தோற்றால் இருவரும் அவரவர் மொழியில் திட்டுவார்கள்.

காசுகளை அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் மூவரும் ஒரு நாள் போனோம். குழந்தையைக் கணவர் பார்த்துக்கொண்டார். பெரிய மண்டபம், அதில் ஒரு மூலையில் சின்னக் கண்ணாடிப் பெட்டி. கரும்பச்சை எல்லாம் போய், வெள்ளி வெள்ளியாகவே இருந்தது. வயலில் கண்டதைவிட அழகுதான். ஆனால் எனக்கு அந்த அழுக்குக் காசைத்தான் அதிகம் பிடித்திருந்தது. கீழே ஒரு சின்ன அட்டையில் மன்னன் பெயரும், கென்ட்டில் கிடைத்தது என்றும் எழுதியிருந்தது.

"நம் பெயர் எங்கே?" என்று அன்ரி சத்தமாகக் கேட்டார். அங்கே நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"உங்கட பேர் போட்டால் இந்த மன்னன்ரை பேர் போட இடம் காணாது எண்டு சொல்லு" என்றார் மாமி. மொழிபெயர்த்தேன். அன்ரி ஒத்துக்கொண்டார்.

மாமி கண்ணாடிக்குக் கிட்ட முகத்தை வைத்து ஒவ்வொரு காசாகப் பார்த்தார்.

"இவ ஆர்? பொம்பிளையோ?"

"மன்னன்ரை மனிசி, மாமி. அந்தக் காலத்தில இவவுக்கு மட்டும்தான் காசில முகம் அடிச்சவையாம்."

"ஏனாம்?"

"ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"அவன் மனிசியில விருப்பம் உள்ளவன் போல கிடக்குது" என்றார் மாமி. "அன்ரி என்ன சொல்லுறா?"

அன்ரி கண்ணாடியில் விரலை வைத்து அந்த முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். மாமிக்கு விளங்கியிருக்க வேண்டும். தன் கைப்பையைத் திறந்து, மடித்த கைக்குட்டையை எடுத்து அன்ரியின் மறுகையில் வைத்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு, கால் வலிக்கிறதென்று சொல்லி, காவலாளியின் கதிரையில் போய் உட்கார்ந்தார். காவலாளி எழும்பச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அன்ரி வீட்டை விற்றார். படிகள் ஏற முடியவில்லை. கடற்கரைப் பட்டினம் ஒன்றில் அவருடைய தங்கை இருந்தார், அவரோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். போகும் நாளில் சாமான் ஏற்றிய லொறி முன்னால் போய்விட்டது. அன்ரி தன் பழைய காருக்குள் இருந்துகொண்டு இறங்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. நான் ஜன்னலோரம் நின்றேன்.

"ஞாயிறு வா" என்றார். "கிழவியையும் கூட்டிக்கொண்டு வா."

அடுத்த ஞாயிறு ரயிலேறிப் போனோம். அதற்கடுத்த மாதமும், அதற்குப் பிறகும். மூன்று வருஷம் போல அப்படிப் போய்வந்தோம். காற்று பிய்த்துக்கொண்டு போகும், மணலே இல்லாத, கல்லாய்க் கிடக்கும் கரை. மாமி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் காலை வைப்பார். "ஐயோ, ஐஸ்!" என்று கத்துவார். ஆனால் வெளியே வரமாட்டார். அன்ரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து குளிர்க் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே, "அவளை வரச் சொல், விறைத்துச் செத்துவிடுவாள்" என்பார். நான் போய் மாமியிடம் சொல்வேன்.

"அவவை வரச் சொல்லு" என்பார் மாமி.

அன்ரி ஒருநாள் உண்மையாகவே தண்ணீருக்குள் வந்தார். சப்பாத்தும் காலுறையுமாக.